‘அனுப்பிவிட்டோம்’ என்றால் போதுமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2025-ல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டதை ஒட்டி, கடிதத்தை வாங்கியவர் கையெழுத்திட்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும் ஒப்புகை அட்டையைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களைப் படித்து வருகிறேன். அந்த அட்டை போய்விட்டதே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். தபாலிலாவது இப்போதும் யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அரசு அலுவலகங்களும் வங்கிகளும் இன்று மின்னஞ்சலில் அனுப்பும் அறிவிப்புகளுக்கு அதுகூடக் கிடையாது. அனுப்பியதையே கிடைத்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் என் அக்கா வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார். ஒரு மானியத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டார். மாமாவுக்கு மின்னஞ்சல் கிடையாது. படிவத்திலோ அந்தக் கட்டத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு, நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும் என்று வைத்திருக்கிறார்கள். டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பையன், எல்லோருக்கும் செய்வதுபோலவே, தன் கடையின் மெயில் முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டான். சிட்டாவில் பெயருக்கு முன்னால் உள்ள இனிஷியலும் ஆதாரில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை, 15 நாளில் திருத்திய நகலைத் தரவும் என்று அந்த முகவரிக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. மலையில் பாதிப் பேருடைய கடிதங்கள் வந்து விழும் பெட்டி அது. அதில் இதை யார் பார்ப்பார்கள்? கெடு முடிந்தது, விண்ணப்பம் தள்ளுபடி ஆனது.

மாமா 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு வந்து அலுவலகத்தில் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். திரையை எங்கள் பக்கம் திருப்பி, “இதோ பாருங்க ஐயா, போயிடுச்சு. ‘சென்ட்’னு காட்டுது” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அவர் கணினியிலிருந்து கடிதம் போய்விட்டது உண்மைதான். எங்கே போய்ச் சேர்ந்தது, யார் கையில் கிடைத்தது என்று அந்தத் திரைக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்து ஒரு மனிதரின் விண்ணப்பத்தைத் தள்ளலாம் என்று யார் முடிவு செய்தார்கள்?

எனக்கு இதில் இவ்வளவு ஆதங்கம் வரக் காரணம் உண்டு. சேலத்தில் ஒரு கைத்தறி ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டவள் நான். டெலக்ஸில் தொடங்கி ஃபேக்ஸ், அப்புறம் இமெயில் என்று மூன்றையும் என் கையால் இயக்கியிருக்கிறேன்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு டெலக்ஸ் என்றால் தெரியாது. இங்கே தட்டச்சு செய்வதை லைன் வழியாக வேறு ஊரில் இருக்கும் இயந்திரத்தில் அச்சாக்கும் முறை அது. முதலில் செய்தியை நாடாவில் துளையாக அடித்து வைத்துக்கொள்வோம். லைன் கிடைத்ததும் நாடாவை ஓட்டினால், நிமிடத்துக்கு 66 சொல் வேகத்தில் எதிர்முனையில் அச்சாகும். ஆனால் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ‘நீ யார்’ என்று கேட்பதற்கென்றே ஒரு விசை இருந்தது. அதை அழுத்தினால் எதிர்முனை இயந்திரம் தன் அடையாளத்தைத் தானே அடித்துக் காட்டும். அதற்கு ஆன்சர்பேக் என்று பெயர். எண், நிறுவனத்தின் சுருக்கப் பெயர், கடைசியில் நாட்டின் எழுத்து, ஜெர்மனி என்றால் டி, நம் நாடு என்றால் ஐ.என். அங்கே ஆள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இயந்திரத்துக்குள் பொருத்தியிருக்கும் உருளையே அதைச் சொல்லிவிடும். செய்தி முடிந்ததும் மறுபடி அதே விசையை அழுத்துவோம், மறுபடி அதே அடையாளம் வரும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே ஆன்சர்பேக் இருந்தால், நடுவில் லைன் அறுபடவில்லை, வேறு இடத்துக்கும் போகவில்லை என்று அர்த்தம். அப்புறம்தான் அந்தத் தாளைக் கோப்பில் வைப்போம். விலை, கப்பல் தேதி, எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடிதத்தின் திருத்தம் எல்லாம் அந்தத் தாளை நம்பித்தான் நடந்தது.

ஃபேக்ஸில் கடைசியாக ஒரு சீட்டு வரும். எந்த எண்ணுக்கு, எத்தனை பக்கம், எவ்வளவு நேரம், ‘ஓ.கே.’ என்று அதில் இருக்கும். எதிர்முனையில் தாள் தீர்ந்துபோயிருந்தாலும் சில இயந்திரங்கள் ஓ.கே. கொடுத்துவிடும் என்பதால் டெலக்ஸ் அளவுக்கு அதை நம்ப முடியாது. ஆனாலும் கையில் ஒரு சீட்டு இருந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று, வெளிநாட்டுத் தொலைத்தொடர்பைக் கவனித்த அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்தது. மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை, இந்த நான்கு நகரங்களில்தான் முதலில் வந்தது. சேலத்தில் இருந்த நாங்கள் சென்னைக்கு எஸ்.டி.டி. என்ற வெளியூர் போன் அழைப்பு போட்டுத்தான் இணைக்க வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி.க்கு நாலில் ஒரு பங்கு கட்டணம்தான் என்பதால், பகலில் நான் அடித்த கடிதங்களை முதலாளியின் மகன் ஃபிளாப்பியில் வீட்டுக்கு எடுத்துப்போய் இரவில் அனுப்புவார். வந்த பதில்களைக் காலையில் கொண்டுவருவார். அவர் முதலில் கடிதம் அனுப்பிக் காட்டியபோது முதலாளி கேட்டது ஒரே கேள்விதான்: “போய்ச் சேர்ந்துச்சான்னு எப்படிம்மா தெரியும்?” அறுபது வயதைத் தாண்டியவர், ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் வியாபாரத்தின் நாடி தெரிந்தவர். ஆன்சர்பேக்கும் இல்லை, சீட்டும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நாங்கள் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும், கிடைத்ததும் ஒரு வரி பதில் போடவும் என்று இருக்கும். நோட்டில் அனுப்பிய தேதி ஒரு பத்தி, பதில் வந்த தேதி ஒரு பத்தி. பதில் பத்தி காலியாக இருக்கும் வரை அந்தக் கடிதம் போகாத கடிதம். பணம் சம்பந்தப்பட்டது என்றால் உடனே ஃபேக்ஸிலும் போகும்.

முகவரி கண்டுபிடிப்பது தனிப் பாடு. டெலக்ஸுக்கும் தொலைபேசிக்கும் தடித்த டைரக்டரி இருந்தது. மின்னஞ்சலுக்கு அப்படி எதுவும் இல்லை. வாங்குபவர்களின் விசிட்டிங் கார்டில் டெலக்ஸ் எண்ணும் ஃபேக்ஸ் எண்ணும்தான் இருக்கும். உங்களுக்கு இமெயில் உண்டா என்று ஃபேக்ஸில் கேட்டுத்தான் வாங்குவோம். அமெரிக்காவில் சிலர் கம்ப்யூசர்வ் என்ற நிறுவனத்தின் மெயில் வைத்திருந்தார்கள். அவர்கள் முகவரி வெறும் எண்கள், நடுவில் ஒரு கமா. அந்தக் கமாவை அப்படியே அடித்தால் வெளியிலிருந்து கடிதம் போகாது, புள்ளியாக மாற்றி அடிக்க வேண்டும். யாரும் சொல்லித்தராமல் இது எப்படித் தெரியும்? எங்கள் முகவரியும் லேசானது இல்லை. அட் குறிக்குப் பின்னால் ஜியாஸ், அதோடு ஒட்டி மெட்ராஸுக்கு எம்.டி., பூஜ்யம், ஒன்று, புள்ளி, வி.எஸ்.என்.எல்., புள்ளி, நெட், புள்ளி, இன். பூஜ்யத்தை ஓ என்றும், ஒன்றை எல் என்றும் படித்துவிடுவார்கள் என்பதால், ஃபேக்ஸில் எழுதும்போது பூஜ்யத்துக்குக் குறுக்கே கோடு போடுவேன்.

என் தம்பி சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்தவன். நாட்டில் மின்னஞ்சல் முதலில் நடமாடியது அந்த வட்டாரத்தில்தான். மின்னணுத் துறை 1986-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய எர்நெட் என்ற வலையமைப்பில் ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், பம்பாயில் இருந்த என்.சி.எஸ்.டி. என்ற தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் சேர்ந்திருந்தன. வெளிநாட்டுக் கடிதங்கள் என்.சி.எஸ்.டி.யில் இருந்த ‘சக்தி’ என்ற கணினி வழியே அமெரிக்காவில் யூயூநெட் என்ற நிறுவனத்தின் கணினிக்குப் போகும். அந்தக் காலத்து முகவரி என்பதே ஒரு வழித்தடம். முதல் கணினியின் பெயர், ஓர் ஆச்சரியக்குறி, அடுத்த கணினியின் பெயர், மறுபடி ஆச்சரியக்குறி, இப்படியே போய்க் கடைசியில் ஆளின் பெயர். எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்று அனுப்புகிறவரே எழுத வேண்டும். ஒவ்வொரு கணினியும் அடுத்ததற்கு டயல் செய்து மூட்டையைத் தள்ளிவிடும். நடுவில் ஒன்று நின்றுபோனால் கடிதம் அங்கேயே கிடக்கும். முதல் கணினியைக் கேட்டால், நான் கொடுத்துவிட்டேன் என்று சொல்லும். அலுவலகத்தில் அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அந்த வழித்தடங்களை யாராவது சேர்த்து வைக்க வேண்டும் அல்லவா? யூஸ்நெட் என்ற கணினி விவாத வலையமைப்பின் காலத்தில் தன்னார்வலர்கள் எந்தக் கணினி எதோடு பேசுகிறது என்ற வரைபடத்தைத் திரட்டி எல்லோருக்கும் அனுப்பினார்கள். பீட்டர் ஹனிமன், ஸ்டீவன் பெல்லோவின் என்ற இருவர் பாத்அலையஸ் என்ற நிரலை எழுதினார்கள். அது அந்த வரைபடத்தைப் படித்து எந்த வழி சுருக்கம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அதற்கு முன்பே, இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஆட்களின் பெயரும் முகவரியும் அடங்கிய டைரக்டரியை எலிசபெத் ஃபைன்லரின் குழு அச்சிட்டு வந்தது. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். முறை வந்த பிறகுதான், இந்தப் பெயருள்ள இடம் எங்கே இருக்கிறது என்று கணினிகளே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தன. ஆச்சரியக்குறிகள் மெல்ல மறைந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணம். கணினி வலையமைப்புகளுக்கான விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசைக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். இன்றைக்கும் மின்னஞ்சல் போவது அதில் சொன்ன எஸ்.எம்.டி.பி. முறையின் வழிவந்த விதிகளில்தான். தம்பி அதைக் காகிதத்தில் எடுத்து எனக்குப் படித்துக் காட்டினான். இரண்டு கணினிகள் பேசிக்கொள்வது அதில் அப்படியே இருக்கிறது. வணக்கம் சொல்வார்கள். இன்னாரிடமிருந்து கடிதம் என்று ஒன்று சொல்லும். இன்னாருக்கு என்று சொல்லும். அந்த ஆள் இங்கே இருந்தால் எதிர்முனை 250 என்று பதில் சொல்லும். இல்லை என்றால் 550. அவர் இங்கே இல்லை, ஆனால் இருக்கும் இடம் எனக்குத் தெரியும், நானே அனுப்பிவிடுகிறேன் என்பதற்கு 251. நான் அனுப்ப முடியாது, இந்த முகவரிக்கு நீயே அனுப்பு என்பதற்கு 551. எவ்வளவு பொறுப்பாக யோசித்திருக்கிறார் பாருங்கள். கடிதமே கொடுக்காமல், இந்தப் பெயரில் ஆள் உண்டா என்று மட்டும் கேட்பதற்கு வெரிஃபை என்ற கட்டளையைத் தனியாக வைத்திருந்தார். ஒரு வாங்குபவரின் முகவரி சந்தேகமாக இருந்தால், தம்பி தன் ஆய்வகத்திலிருந்து அவர்கள் கணினியை நேரடியாகக் கேட்டு, இருக்கிறார் அக்கா, முழுப் பெயர் இது, என்று போனில் சொல்லியிருக்கிறான்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு எதிர்முனை கடைசியாக ஒரு 250 சொல்கிறதே, அது சும்மா சொல்வது இல்லை. இனி இந்தக் கடிதம் என் பொறுப்பு என்று அர்த்தம். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். 1989-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1123 இதை இன்னும் கண்டிப்பாகச் சொன்னது: கணினி படுத்துவிட்டது, இடம் போதவில்லை போன்ற அற்பக் காரணங்களுக்காக வாங்கிய கடிதத்தைத் தொலைக்கக் கூடாது. திரும்பி வரும் கடிதங்களை பவுன்ஸ் என்று சொல்கிறோமே, அவை பிறந்தது இந்தப் பொறுப்பில்தான். எரிக் ஆல்மனின் சென்ட்மெயில் நிரல் ஓடிய இடங்களில், 4 மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால் ஓர் எச்சரிக்கை வரும், 5 நாள் முயன்று பார்க்கிறேன் என்று அதிலேயே சொல்லியிருக்கும். அதன் பிறகும் முடியாவிட்டால் கடிதம் காரணத்தோடு திரும்பி வரும். பிட்நெட் என்ற வேறொரு வலையமைப்பில், உங்கள் கோப்பு இந்தக் கணினியிலிருந்து அடுத்ததற்குப் போய்விட்டது என்று ஒவ்வொரு கட்டத்திலும் அனுப்பியவர் திரைக்கே செய்தி வருமாம். ஃபிங்கர் என்ற கட்டளை இன்னும் ஒரு படி மேலே. ஸ்டான்ஃபோர்டில் லெஸ் எர்னஸ்ட் 1971-ல் எழுதியது. ஒருவர் பெயரைக் கொடுத்துக் கேட்டால் அவர் கடைசியாக எப்போது கணினியில் உட்கார்ந்தார் என்று சொல்லும். பின்னால் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடிய கணினிகளில் இருந்த ஃபிங்கர், அவருக்கு வந்த கடிதம் எப்போதிலிருந்து படிக்காமல் கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

இவை எல்லாம் ஏன் இப்போது இல்லை என்று கேட்கலாம். நியாயமான காரணம் உண்டு. 1988 நவம்பரில் பரவிய மாரிஸ் புழு என்ற நிரல் ஃபிங்கரிலும் சென்ட்மெயிலிலும் இருந்த ஓட்டைகள் வழியாகத்தான் கணினிகளுக்குள் நுழைந்தது. விளம்பரக் குப்பை அனுப்புகிறவர்கள் வெரிஃபை கட்டளையை வைத்து ஆயிரக்கணக்கான பெயர்களைக் கேட்டு, உண்மையான முகவரிகளைச் சலித்தெடுத்தார்கள். அதனால் பெரும்பாலான இடங்களில் இரண்டையும் மூடிவிட்டார்கள். ஒருவர் கடிதத்தைப் படித்தாரா இல்லையா என்பது ஊருக்கே தெரிய வேண்டியதும் இல்லை. இதையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடியவர்கள் மாற்று வழியும் கொடுத்தார்கள். 1996 ஜனவரியில், போய்ச் சேர்ந்ததா, தாமதமா, தோல்வியா என்று எதிர்முனைக் கணினி ஒரே மாதிரி வடிவத்தில் அறிக்கை தருவதற்கான விதிகள் வந்தன. 1998-ல், கடிதம் திறக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கும் விதி வந்தது. அதிலும் படிப்பவரின் சம்மதத்துக்கு இடம் வைத்தார்கள். அடுத்த கணினி வாங்கிக்கொண்டது, பெட்டியில் போடப்பட்டது, மனிதர் பார்த்தார், இந்த மூன்றும் தனித்தனி நிலைகள் என்பதில் அந்த ஆட்களுக்குக் குழப்பமே இல்லை. நம் அலுவலகங்களில்தான் மூன்றையும் ஒரே ‘சென்ட்’டில் அடக்கிவிட்டார்கள்.

நம் சட்டம்கூட அப்படி அடக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-த்தின் 13-வது பிரிவைப் படித்துப் பார்த்தேன். அனுப்புவது எப்போது, கிடைப்பது எப்போது என்று அது தனித்தனியாகச் சொல்கிறது. அனுப்பியவரின் கட்டுப்பாட்டில் இல்லாத கணினிக்குள் நுழைந்தால் அது அனுப்பியதாகும். பெறுபவர் குறிப்பிட்ட கணினிக்குள் நுழைந்தால்தான் அது கிடைத்ததாகும். அவர் குறிப்பிடாத வேறொன்றுக்குப் போயிருந்தால், அவர் அதை எடுத்துப் பார்க்கும்போதுதான் கிடைத்ததாகும். 12-வது பிரிவு ஒப்புகையைப் பற்றியது. ஒப்புகை வந்தால்தான் இது செல்லும் என்று அனுப்பியவர் நிபந்தனை போட்டிருந்து, ஒப்புகை வராவிட்டால், கடிதம் அனுப்பப்படவே இல்லை என்று கருத வேண்டும். எங்கள் நோட்டின் காலிப் பத்தியைப் போலவே இருக்கிறது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் வக்கீல் இல்லை. நீதிமன்றங்கள் இதை எப்படிப் பொருள் கொள்கின்றன என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் சென்டரின் பெட்டியை, என் மாமா தனக்கென்று குறிப்பிட்ட பெட்டி என்று சொல்ல எந்த மனசாட்சி இடம் கொடுக்கும்? அந்த நட்சத்திரக் குறி அல்லவா அவரை அங்கே தள்ளியது?

இதைச் சரிசெய்யப் பெரிய செலவோ புதிய கண்டுபிடிப்போ தேவையில்லை. கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்க்கிறார்கள் அல்லவா, மின்னஞ்சலுக்கும் அதையே செய்யட்டும். விண்ணப்பிக்கும்போதே அந்த முகவரிக்கு ஒரு குறியெண் போக வேண்டும். விண்ணப்பதாரர் அதைப் பார்த்துச் சொன்னால்தான் அந்த முகவரியை ஏற்க வேண்டும். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு ‘இல்லை’ என்று குறிக்க ஒரு கட்டம் வேண்டும், அவர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ஏற்காடு 636 601 என்று எழுதிப் போட்டால் இன்றைக்கும் நாகலூர் வரை கடிதம் வருகிறது. ஒரே முகவரி பல பேருடைய விண்ணப்பத்தில் வந்தால், கணினிக்கே அது தெரியும். இது ஏதோ சென்டரின் முகவரி என்று அங்கேயே நிறுத்திக் கேட்கலாம்.

அடுத்தது, அந்த ‘நோ-ரிப்ளை’ முகவரிகள். பதில் போட வேண்டாம் என்று எழுதி, பதில் போட்டாலும் யாரும் பார்க்காத பெட்டியிலிருந்து அறிவிப்பு அனுப்புகிறார்கள். நமக்குப் பதில் போட முடியாதது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அறிவிப்பு போய்ச் சேராமல் 550 என்று திரும்பி வந்தால் அது எங்கே போய் விழுகிறது? அதை யார் படிக்கிறார்கள்? தம்பியைக் கேட்டேன். பல இடங்களில் அப்படித் திரும்பி வருவதை யாருமே பார்ப்பதில்லை, தானாக அழிந்துபோகும்படி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னான். எதிர்முனைக் கணினி ‘இந்த ஆள் இங்கே இல்லை’ என்று நேர்மையாகச் சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்காமல் காதை மூடிக்கொண்டு, அனுப்பிவிட்டோம் என்று கோப்பில் எழுதுவது பெரிய அநியாயம். 1982-லேயே ஆர்.எஃப்.சி. 822, மின்னஞ்சல் வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் போஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் ஒரு முகவரி இருக்க வேண்டும், அதற்கு வரும் கடிதம் ஒரு பொறுப்பாளரிடம் போக வேண்டும் என்று விதித்துவிட்டது. அப்போது சில நூறு கணினிகள்தான் இருந்தன. இத்தனை அலுவலகங்கள் உள்ள மாவட்டத்தில் அந்தப் பொறுப்புக்கு ஒரு ஆளைப் போடுவது சாத்தியம்தான்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். மாமாவின் விஷயமாக நான் சில அலுவலகங்களுக்கு அவர்களுடைய இணையதளத்தில் போட்டிருந்த முகவரிக்கே எழுதினேன். பெட்டி நிரம்பிவிட்டது என்று சில திரும்பி வந்தன. சிலவற்றுக்கு ஒன்றுமே வரவில்லை. ஓர் இடத்தில் போனில் விசாரித்தபோது, அந்த மெயிலைப் பார்த்தவர் மாறுதலாகிப் போய்விட்டார், பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது என்றார்கள். ஒரு அதிகாரி மாறினால் அவர் மேஜைச் சாவியை வாங்கி வைக்கிறோம், பெட்டியின் சாவியை ஏன் வாங்கக் கூடாது? அறிவிப்புப் பலகையில் போட்ட முகவரி வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை ஒரு கடிதம் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் எண் போட்ட ரசீது கொடுக்கிறார்கள். மறுபடி போகும்போது அந்த எண்ணைச் சொன்னால் மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறார்கள். அதே மரியாதையை மின்னஞ்சலில் வரும் மனுவுக்கும் கொடுக்கலாம். எண்ணோடு ஒரு வரி பதில் தானாகவே போகும்படி வைப்பது இன்றைக்கு எந்தப் பையனுக்கும் தெரிந்த வேலை.

கடைசியாக ஒன்று. எல்லா அறிவிப்புக்கும் நான் தபால் கேட்கவில்லை. மழை எச்சரிக்கையும் முகாம் தேதியும் மெயிலில் வரட்டும், தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் கெடு வைத்து, அதைத் தாண்டினால் ஒருவருடைய உரிமை போய்விடும் என்ற வகை அறிவிப்புகள் வேறு. அவற்றுக்கு எதிர்முனையிலிருந்து ஒப்புகை வரும் வரை கெடு ஓடத் தொடங்கக் கூடாது. ஒரு வாரத்தில் ஒப்புகை வராவிட்டால் விரைவுத் தபாலில், பெறுநர் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். அந்தத் தபால் கிடைத்த நாளிலிருந்து 15 நாளை எண்ணலாம்.

மாமா மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். இந்த முறை என் முகவரியைக் கொடுத்திருக்கிறோம், நான் தினமும் பார்க்கிறேன். மலையில் அப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்கான விண்ணப்பங்கள் திறப்பதற்குள் அந்தப் படிவத்தில் நட்சத்திரக் குறியையாவது எடுத்துவிடும்படி மாவட்ட நிர்வாகத்தை உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏற்றுமதி அலுவலக ஊழியை,
அஸ்தம்பட்டி, சேலம் – 636 007